ஏரிக்கரையில் 18 ஹோல்: கற்பனை கோல்ஃப் கோர்ஸுக்கு நிலம் முதலா, ஹோல் முதலா?

ஏரிக்கரை_மணி (தாம்பரம்)

வணக்கம் எல்லாருக்கும். ஜிஎஸ்ப்ரோங்கிற கோல்ஃப் சிமுலேட்டர் கேமுக்காக ‘கலங்கல்’னு ஒரு கற்பனை கோர்ஸ் செஞ்சுக்கிட்டிருக்கேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போற ரயில்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்தா ஏரியும் கரையும் மாறி மாறி வருமே, அப்படிப்பட்ட ஒரு ஏரிதான் களம். எந்த நிஜ ஏரியோட நகலும் இல்லை.

முதல்ல ஒரு ஹோல் கூட வரையலை. நிலத்தை மட்டும் செஞ்சேன். மேற்கேயிருந்து கிழக்கே 1600 மீட்டருக்கு 8 மீட்டர் சரிவு. மேற்கே வரத்துக் கால்வாய், கிழக்கு ஓரத்துல வளைஞ்ச கரை, கரையில ரெண்டு மதகு, வடக்குக் கோடியில கலங்கல். கலங்கல்ல வழியுற தண்ணி எந்தப் பக்கமா ஓடி அடுத்த ஏரியில சேரும்னு அந்தப் பள்ளத்தையும் வெட்டி முடிச்சுட்டுத்தான் டீ (முதல் அடி அடிக்கிற இடம்) எங்கே, கிரீன் (குழி இருக்கிற புல்தரை) எங்கேன்னு தேட ஆரம்பிச்சேன்.

அப்படித் தேடினப்போ தானா கிடைச்சது 14வது ஹோல். டீ கரையோட தென்கோடியில. கரை இடது பக்கமா வளைஞ்சு போகுது, வளைவுக்கு உள்பக்கம் முழுக்கத் தண்ணி. கரையை ஒட்டியே போனா கிரீனுக்கு 410 கெஜம். பத்திரமா 220 அடிச்சா இன்னும் 190 பாக்கி. துணிஞ்சவங்க தண்ணிக்கு மேலே 260 தூக்கி அடிச்சா பாக்கி 110தான். எவ்வளவு தண்ணியைத் தாண்டுறதுன்னு ஆடுறவங்களே முடிவு பண்ணிக்கலாம். அமெரிக்காவுல நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ்ல சார்லஸ் மெக்டொனால்ட் 1911 வாக்குல செஞ்ச ‘கேப்’ ஹோலோட தத்துவம் இதுதான். ஏரிக்கரையோட வளைவு அதை எனக்குச் சும்மாவே கொடுத்துடுச்சு.

நல்ல ஹோல்களை யோசிச்சுட்டு அதுக்கேத்த மாதிரி நிலத்தை வளைக்கணும்னு சில பேர் சொல்றாங்க. எனக்கு அது சரியாப் படலை. ஸ்கிரீன்ஷாட்டும் அளவுகளும் இணைச்சிருக்கேன். நீங்க எப்படிச் செய்யறீங்க?

---

ஜிஎஸ்_கார்த்தி (அண்ணா நகர்)

மணி, உழைப்புக்கு வாழ்த்துகள். ஆனா கற்பனை கோர்ஸ் மேல எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை, அதை நேராவே சொல்லிடறேன்.

அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் லைடார் தரவு இலவசமா கிடைக்குது. விமானத்திலிருந்து லேசர் அடிச்சு அளந்த தரை. அதை கேம் செய்யற யூனிட்டி மென்பொருள்ல ஏத்தினா, நிஜ கிரீன்ல எங்கே பந்து இடது பக்கம் திரும்புமோ அங்கேயே கேம்லயும் திரும்பும். ஒரு மேடு இருந்தா அது அங்கே இருக்க ஒரு காரணம் இருக்கும். காத்து குவிச்ச மணலோ, பனியாறு விட்டுப்போன மண்ணோ, ஏதோ ஒண்ணு.

கற்பனை கோர்ஸ்ல அந்தக் காரணம்தான் இருக்கிறதில்லை. முதல் ஹோல்ல பாறை, ரெண்டாவதுல அருவி, மூணாவதுல தீவு கிரீன், நாலாவதுல எரிமலை. படம் பிடிக்க நல்லா இருக்கும். ஒரு ரவுண்டுக்கு மேல ஆட மனசு வர்றதில்லை.

---

பழைய_லிங்க்ஸ் (மயிலாப்பூர்)

கார்த்தி தம்பி சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வீட்டுக் கணினியில் சொந்தமாக கோர்ஸ் வரைவது புதிய வழக்கம் அல்ல. 1990இல் அக்கோலேட் நிறுவனம் ஜாக் நிக்லாஸ் பெயரில் வெளியிட்ட கோல்ஃப் ஆட்டத்திலேயே கோர்ஸ் வரையும் வசதி இருந்தது. நான் ஊறியது லிங்க்ஸ் என்ற கணினி கோல்ஃப் ஆட்டத்தில். 1992இல் லிங்க்ஸ் 386 ப்ரோ வந்தபோது ஒவ்வோர் அடிக்கும் திரை முழுவதும் புதிதாக வரையப்பட வேண்டும். மரம் மரமாகத் தோன்றுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். அப்போது கோர்ஸ்களைக் கடையில் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். லிங்க்ஸ் 2001உடன் ஆர்னால்ட் பால்மர் பெயரில் கோர்ஸ் டிசைனர் வந்தது. அதன் பிறகு உலகெங்கும் ரசிகர்கள் வரைந்து தள்ளினார்கள். 2002இல் வந்த லிங்க்ஸ் 2003உடன் கணினிக்கான அந்த வரிசையே நின்றுபோனது. ஆனால் ரசிகர்கள் அதற்கான கோர்ஸ் கோப்புகளைச் செய்வதை நிறுத்தவில்லை.

அதில் ஒரு சுதந்திரம் இருந்தது. உங்கள் கேமராவில் பிடித்த மரத்தையே வெட்டியெடுத்து உள்ளே கொண்டுவரலாம். மரங்கள் எல்லாம் தட்டையான படங்கள்தான், எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்த்து நிற்கும். என்றாலும் அது உங்கள் ஊர் மரம்.

நான் திரும்பத் திரும்ப ஆடிய கோர்ஸ்களில் பல கற்பனைதான். எது நிலைத்தது என்று யோசித்துப் பார்த்தால், மணி சொல்வதே விடை. முதல் ஹோலில் தூரத்தில் தெரிந்த குன்று ஒன்பதாவதில் பக்கத்தில் வரும், பதினேழாவதில் முதுகுக்குப் பின்னால் போகும். நாம் ஓர் இடத்தில் நடந்துகொண்டிருக்கிறோம் என்ற உணர்வு கடைசி வரை கலையாது. கார்த்தி சொல்லும் எரிமலை கோர்ஸ்களில் ஒவ்வொரு ஹோலும் தனித்தனி உலகம். ஆட்டம் முடிந்ததும் கையில் எதுவும் மிஞ்சாது.

அலிஸ்டர் மெக்கென்சியைப் பற்றி ஒன்று. சைப்ரஸ் பாயிண்ட், பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அகஸ்டா நேஷனல் எல்லாம் வடிவமைத்தவர். தொழிலால் மருத்துவர். தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் நிலத்தோடு நிலமாகத் தங்கள் பதுங்கு குழிகளை மறைத்த விதத்தைக் கவனித்தவர். மனிதன் செய்த மேட்டுக்கும் இயற்கை மேட்டுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது என்பதே அவர் வாழ்நாள் கொள்கை. நிஜ மண்ணில் வேலை செய்தவருக்கே அந்தக் கவலை இருந்தது. மண்ணே இல்லாத நமக்கு அது இரண்டு மடங்கு இருக்க வேண்டும்.

---

ஏரிக்கரை_மணி

நன்றி ஐயா. தட்டை மரமா இருந்தாலும் நம்ம ஊர் மரம்னு நீங்க சொன்னது மனசுல நின்னுடுச்சு.

கார்த்தி, லைடார் விஷயத்துல ஒண்ணு யோசிங்க. அந்த வசதி நம்ம ஊருக்குக் கிடையாது. பொதுவா எல்லாரும் எடுக்கிற உயர அளவு 2000ல விண்கலம் எடுத்த எஸ்ஆர்டிஎம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, அதுவும் முழு மீட்டர் கணக்குல. ஒரு சராசரி கிரீனோட குறுக்களவே 25 மீட்டர் இருக்கும். அதாவது ஒரு முழு கிரீனுக்கு ஒரே ஒரு புள்ளி! 8 மீட்டர் சரியுற என் நிலத்தை அதுல பார்த்தா எட்டுப் படிக்கட்டு தெரியும், அவ்வளவுதான்.

நந்தனம் கோல்ஃப் கோர்ஸை இங்கே யாராவது செய்யணும்னா, கிரீனோட நெளிவு முழுக்கக் கண்ணால பார்த்து ஊகிச்சுத்தான் ஆகணும். செங்கல்பட்டுப் பக்கத்து நிலம் கேம்ல வரணும்னா நாமதான் கற்பனையில செய்யணும். வேற யாரும் செய்யப் போறதில்லை.

---

மாலி_மகன் (சைதாப்பேட்டை)

அண்ணா, எங்கப்பா ஒரு கோல்ஃப் கோர்ஸ்ல கிரவுண்ட் வேலை பார்க்குறாரு. சின்ன வயசுலேருந்து கூடப் போய்ப் பார்த்திருக்கேன். உங்க ஸ்கிரீன்ஷாட்டை அவர்கிட்டயும் காட்டினேன். அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதறேன்.

முதல்ல பங்கர், அதாவது மணல் குழி. 5வது ஹோல்ல ஆளுயரத்துக்கு வெள்ளை மணலை மேலே வரைக்கும் ஏத்தி வச்சிருக்கீங்க. பார்க்க அழகுதான். ஆனா நம்ம ஊர்ல ஐப்பசி மழை ஒரு ராத்திரி அடிச்சா அந்த மணல் பூரா கீழே வந்துடும், செம்மண் கலந்து கலங்கிப் போயிடும். மறுநாள் காலையில நாலு பேர் மம்பட்டியோட நின்னு திரும்ப மேலே ஏத்தணும். அதனால இங்கே சரிவுல புல்லு, அடியில மட்டும் தட்டையா மணல். அதுவும் ஒரு பக்கமா லேசா சாஞ்சிருக்கும், தண்ணி ஒரே மூலைக்குப் போய் வடியறதுக்கு.

ரெண்டாவது, கிரீன்ல விழுற மழைத் தண்ணி எங்கே போகுது? உங்க 3வது கிரீன் சுத்திலும் உசந்து நடுவுல பள்ளமா இருக்கு. அங்கே தண்ணி கட்டும். கட்டினா புல் அழுகும். அப்பா எப்பவும் சொல்றது, எந்த கிரீனா இருந்தாலும் தண்ணி ரெண்டு பக்கமாவது இறங்கணும், அதுல ஒரு பக்கம் ஆளுங்க நடந்து வர்ற வழியா இருக்கக் கூடாது.

மூணாவது, கிரீனுக்கும் பங்கருக்கும் நடுவுல நீங்க விட்டிருக்கிற இடத்துல புல் வெட்டுற மிஷின் திரும்பாது. அதே இடத்துல திருப்பித் திருப்பி ஓட்டினா ஓரம் கருகிடும். 10வது கிரீன்ல வலது பக்கம் பாருங்க, ஒரு முழம் கூட இல்லை.

கேம்ல யாரும் புல் வெட்டப் போறதில்லைன்னு தெரியும். இருந்தாலும் நிஜ கோர்ஸ்ல இதெல்லாம் பார்த்துத்தான் வரைஞ்சிருப்பாங்க. அதனாலதான் நிஜ கோர்ஸ் நிஜமா தெரியுது.

---

ஜிஎஸ்_கார்த்தி

மாலி_மகன், நான் காரணம்னு சொன்னது இதைத்தான். ஒவ்வொரு கோடுக்கும் பின்னாடி ஒரு வேலை இருக்கு. அப்பாகிட்ட என் வணக்கத்தைச் சொல்லுங்க.

---

பார்3_பிரியா (குரோம்பேட்டை)

நான் நீர்ப்பாசனம் படிச்ச சிவில் ஆள். கேம் ஆடறது தம்பியோட. மணி, உங்க நிலத்தைப் பார்த்து ரொம்ப சந்தோஷம். கலங்கலை வடகோடியில வச்சதும், அங்கே தரைமட்டம் சரியா இருக்கிறதும் பார்த்தவுடனே பிடிச்சுப் போச்சு.

ஒரு கணக்கு மட்டும் பாருங்க. கரை 4 மீட்டர் உயரம், மேல்தளம் 3 மீட்டர் அகலம்னு போட்டிருக்கீங்க. மண் கரைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கு ரெண்டு சரிவு வேணும். அப்போ அடி அகலம் 3 கூட்டல் 8 கூட்டல் 8, மொத்தம் 19 மீட்டர். நீங்க வரைஞ்சிருக்கிறது 11தான் இருக்கு. செங்குத்தா நிக்குது, மண் கரை மாதிரி தெரியலை, சுவர் மாதிரி தெரியுது. அடியை அகலப்படுத்துங்க, உடனே கண்ணுக்குப் பழகின கரையா மாறிடும்.

இதால 14வது கிரீனுக்கும் ஒரு நல்லது நடக்கும். இப்போ கிரீன் கரை மேலேயே உட்கார்ந்திருக்கு. 3 மீட்டர் தளத்துல எந்த கிரீனும் நிக்காது, அதுக்காகக் கரையை அங்கே மட்டும் வீங்க வச்சிருக்கீங்க. அதை விட்டுட்டு கிரீனைக் கரைக்கு வெளிப்பக்கம், ஏரித் தண்ணி பாயற ஆயக்கட்டு நிலத்துல, கரையடியில வைங்க. தண்ணிக்கு மேலேயிருந்து வர்றவங்களுக்குக் கொடிக்கம்போட மேல்பாதிதான் தெரியும். பத்திரமா கரை மேலேயே வந்தவங்களுக்கு முழு கிரீனும் கீழே விரிஞ்சு தெரியும். அதிகம் துணிஞ்சவருக்கு தூரம் குறைவு, ஆனா பார்வை மறைவு. சமமான பேரம்.

---

ஏரிக்கரை_மணி

பிரியா அக்கா, இது அருமை. கரையை இன்னைக்கே அகலப்படுத்தறேன். கோடு வரையுற இங்க்ஸ்கேப் மென்பொருள்ல கரையோட கோடுகளை மட்டும் மாத்தினா போதும், முப்பரிமாண உருவம் செய்யற பிளெண்டர்ல மறுபடி ஒரு தடவை ஓட்டி யூனிட்டிக்குக் கொண்டுபோயிடலாம்.

மாலி_மகன், 3வது கிரீனைத் தென்கிழக்கா வடிய விடறேன். அங்கேதான் ரெண்டாவது மதகோட வாய்க்கால் போகுது, தண்ணி அதுல சேர்ந்துடும். 5வது ஹோல்ல சரிவு புல்லாகிடும்.

---

வேளச்சேரி_வாசு

எல்லாரும் ஆர்வமா பேசறீங்க, நடுவுல வந்து இதைச் சொல்றதுக்கு மன்னிக்கணும். ஆனா சொல்லாம இருக்க முடியலை.

2015 டிசம்பர்ல நாங்க வேளச்சேரியில மொட்டை மாடியில ராத்திரியெல்லாம் நின்னோம். தண்ணி ஏன் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு அப்புறமாத்தான் புரிஞ்சுக்கிட்டோம். ஏரி இருந்த இடத்துல கட்டடம், கால்வாய் இருந்த இடத்துல ரோடு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022ல சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்ங்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைச்சிருக்கு, ஆனா அதோட பழைய பரப்புல எவ்வளவு மிச்சம்னு இங்கே இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

இப்போ கேம்ல ஒரு ஏரி, அதைச் சுத்தி கோல்ஃப் கோர்ஸ். நிஜத்துல யாரும் கட்டப் போறதில்லைதான். ஆனா நம்ம பசங்க இதைப் பார்த்து, ஏரின்னா அதைச் சுத்தி இப்படி அழகா ஏதாவது போடலாம்னு நினைச்சா எனக்கு வயிறு எரியும். கற்பனைதானே, வேற எங்கேயாவது வச்சிருக்கலாமே?

---

பழைய_லிங்க்ஸ்

வாசு, உங்கள் வேதனை நியாயமானது. இந்தப் பேச்சு எங்கே போக வேண்டுமோ அங்கேதான் வந்திருக்கிறது. மணி பதில் சொல்லட்டும்.

---

ஏரிக்கரை_மணி

வாசு சார், மன்னிப்பெல்லாம் எதுக்கு? நீங்க எழுதினதைப் படிச்சுட்டு வேலையை நிறுத்திட்டு வரைபடத்தைத் திரும்ப எடுத்து வச்சுப் பார்த்தேன்.

நான் ஏரியைத் தேர்ந்தெடுத்ததே, ஏரி எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாம அதுல ஆட முடியாதபடி ஒரு கோர்ஸ் செய்யணும்னுதான். அதனாலதான் பெயர் கலங்கல். நீர்ப்பிடிப்புக்குள்ள ஒரு ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவுல வெட்டி வச்ச புல்வழி) கூட இல்லை. வரத்துக் கால்வாய் மேல ஒரு மேடு கூட இல்லை. உபரித் தண்ணி போற பள்ளத்துல மட்டும் 7வது ஹோலோட ஃபேர்வே போகுது. அதுவும் மண் கொட்டி உசத்தாம, இருக்கிற பள்ளத்துல அப்படியே.

அந்த 7வது ஹோலைப் பத்தி என் யோசனை இது. கோர்ஸை ரெண்டு வடிவமா வெளியிடப் போறேன், ஒண்ணு மார்கழி, இன்னொண்ணு சித்திரை. மார்கழியில ஏரி நிறைஞ்சு கலங்கல் வழியும். 7வது ஃபேர்வே தண்ணிக்கு அடியில போயிடும், அந்த ஹோல் 340 கெஜ பார் 4லிருந்து (நாலு அடியில முடிக்க வேண்டியது), தண்ணியைத் தாண்டுற 150 கெஜ பார் 3 ஆயிடும். தண்ணி வந்தா ஆட்டம்தான் வழி விடணும்.

சித்திரையில ஏரி காஞ்சு வெடிச்சிருக்கும், நடுவுல குட்டை மட்டும், அங்கங்கே கருவேல மரம். அப்பவும் ஏரியைச் சுத்தின சிவப்புக் கோடு அப்படியேதான் இருக்கும். இப்போ இருக்கிற கோல்ஃப் விதியே அதான்: தண்ணி இல்லாட்டியும் அது பெனால்ட்டி ஏரியாதான். உள்ளே விழுந்த பந்தைக் கிடக்கிற இடத்துலேயே அடிக்கலாம், அதுக்கு அபராதம் இல்லை. வேண்டாம்னா ஒரு அடியை அபராதமா கொடுத்துட்டு வெளியே போட்டுக்கலாம். 2019லேருந்து அங்கே மட்டையைத் தரையில வைக்கவும் அனுமதி உண்டு. காஞ்சு கிடந்தாலும் ஏரி ஏரிதான்னு விதிப் புத்தகத்துலேயே இருக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

---

வேளச்சேரி_வாசு

மார்கழியில 7வது ஹோல் தண்ணிக்கு அடியில போகுதுன்னு படிச்சதும் உங்க மேல மரியாதை வந்துச்சு. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, அதை மறைக்கலை. நிஜ ஏரியைச் சுத்தி கோர்ஸ்னு யாராவது கிளம்பினா நான் எதிர்த்துத்தான் நிப்பேன். ஆனா இதைச் செய்யறதா இருந்தா ஒண்ணு கேட்கறேன், அந்தப் பள்ளம் அடுத்த ஏரி வரைக்கும் கண்ணுக்குத் தெரியணும். கோர்ஸ் எல்லையில வெட்டி விட்டுடாதீங்க. தண்ணி போய்ச் சேர்ற இடம் தெரியணும்.

---

பார்3_பிரியா

வாசு சொல்றது கட்டாயம் செய்ய வேண்டியது. எல்லைக்கு வெளியே இன்னும் 500 மீட்டருக்கு நிலத்தை நீட்டி, தூரத்துல கீழ் ஏரியோட கரை ஒரு கோடா தெரியற மாதிரி வைங்க. ஆடற இடம் இல்லை, அதனால நுணுக்கம் தேவையில்லை, கணினிக்கும் சுமை ஏறாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள் தனித்தனியா இருக்கிறதில்லை. மேல் ஏரியோட மிச்சம் கீழ் ஏரிக்கு வரத்து. அது தெரிஞ்சாத்தான் இது நம்ம ஊர் ஏரி.

---

தேரிக்காட்டான் (இப்போ போரூர்)

மணி அண்ணாச்சி, நான் திருச்செந்தூர் பக்கத்து ஆளு. தேரி மணல்ல ஒரு கோர்ஸ் செஞ்சுக்கிட்டிருக்கேன், அது தனிக் கதை. செக்கச்செவேல்னு மணல்மேடு, இடையில ஒடை மரம், முந்திரி. ஸ்காட்லாந்துல கடலோர மணல்மேட்டுல கோல்ஃப் பிறந்துச்சுன்னு சொல்லுதாங்களே, நம்ம தேரியும் காத்து குவிச்ச மணல்மேடுதான்.

நான் வந்தது பனைக்காக. உங்க கரையில வச்சிருக்கிற மரம் பனை இல்லை. வெளிநாட்டு அலங்காரப் பனை. தண்டு வழவழன்னு இருக்கு, ஓலை தொங்குது. நம்ம பனைக்குத் தண்டு கருப்பு, அடியில பருத்து, மேலே போகப் போக ஒல்லியாகி, நடுவுக்கு மேலே மறுபடி லேசா பருக்கும். ஓலை விசிறி மாதிரி விறைச்சு நிக்கும். பழைய ஓலை காஞ்சு தலைக்குக் கீழே பாவாடை கட்டினாப்ல தொங்கும். ஏறி வெட்டுற ஆள் இருந்தா அது இருக்காது, ஆள் இல்லாத மரத்துலதான் இருக்கும். உங்க கரையில ரெண்டு வகையும் கலந்து வைக்கணும்.

பிளெண்டர்ல நான் மூணு பனை செஞ்சு வச்சிருக்கேன்: ஒண்ணு வடலி (இளம்பனை), ஒண்ணு ஏறுற மரம், ஒண்ணு ஆளில்லாத மரம். கிட்டத்துல ஓலை மடிப்பு தெரியும், தூரத்துல போனா தட்டைப் படமா மாறிடும், அதனால நூறு மரம் வச்சாலும் திணறாது. எடுத்துக்கோங்க. காசு வேண்டாம், கோர்ஸ் குறிப்புல மரம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு வரி போட்டா போதும்.

இன்னொண்ணு, பனையை வரிசையா நடுங்க. கரையில பனை தானா முளைச்சு நிக்கலை. கரை கரையாம இருக்க நம்மாளுங்க விதை போட்டு வளர்த்தது.

---

பழைய_லிங்க்ஸ்

தேரிக்காட்டான், இதைத்தான் லிங்க்ஸ் காலத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து தேடினோம். இப்போது சுற்றிப் பார்க்கக்கூடிய மரமாகவே கிடைக்கிறது. மனம் நிறைந்த நன்றி.

---

மவுஸ்_மட்டை (பெரம்பூர்)

எங்க வீட்டுல சிமுலேட்டர் எல்லாம் கிடையாது, பிஜிஏ டூர் 2கே25ங்கிற கோல்ஃப் கேம்தான். அதுலயும் இந்த கோர்ஸ் வருமா?

---

ஏரிக்கரை_மணி

நிலமும் ஹோலும் வரும், பனை வராது. 2கே25 டிசைனர்ல கேமோட வர்ற மரங்களை மட்டும்தான் நட முடியும், வெளியிலேருந்து கொண்டுவர வழியில்லை. நிலத்தை அதுல கையாலேயே திரும்ப எழுப்பணும். மார்கழி வடிவத்தை மட்டும் முதல்ல செஞ்சு தரேன். யாராவது கூட உட்கார்ந்தா சீக்கிரம் முடியும்.

---

மவுஸ்_மட்டை

நான் வரேன். கோர்ஸ் செஞ்சதில்லை, ஆனா பொறுமையா மரம் நடுவேன்.

---

ஜிஎஸ்_கார்த்தி

மணி அனுப்பின சோதனைக் கோப்பை நேத்து ராத்திரி ரெண்டு வடிவத்துலயும் ஆடிப் பார்த்தேன். விவரமா எழுதறேன்.

14வது ஹோல் பிரியா சொன்ன மாதிரி மாத்தினதும் வேற உயரத்துக்குப் போயிடுச்சு. தண்ணிக்கு மேலே 260 தாண்டி, கரைச் சரிவுக்குக் கீழே போய் நின்னேன். கிரீன் தெரியலை, கொடி மட்டும். அங்கேருந்து 110 கெஜத்தை அடிக்கக் கை நடுங்குச்சு. அடுத்த தடவை பத்திரமா கரை மேலே போனேன், 190 கெஜம், ஆனா எல்லாம் தெளிவா தெரிஞ்சது. எது நல்ல வழின்னு இன்னும் தீர்மானிக்க முடியலை.

கிரீன் சரிவுகள்ல ரெண்டு இடம் பார்க்கணும். 11வதுலயும் 16வதுலயும் பின் (கொடிக்கம்பு) வைக்கிற இடத்துல சரிவு 4 சதவீதத்துக்கு மேல இருக்கு. ஸ்டிம்ப் (கிரீன்ல பந்து உருளுற வேகத்தோட அளவு) 8ல ஆடினா பந்து நிக்குது. 11க்கு மேல வேகத்தை ஏத்தினா குழி பக்கத்துல நிக்காம கிரீனை விட்டே வெளியே போகுது. வேகமா வச்சு ஆடறவங்க நிறைய. பின் இடங்களை 3 சதவீதத்துக்குள்ள கொண்டு வாங்க, நெளிவெல்லாம் அதுக்கு வெளியே இருக்கட்டும்.

அப்புறம் 12வது பார் 3. ஸ்காட்லாந்துல நார்த் பெர்விக் கோர்ஸ்ல 15வது ஹோல் இருக்கே, ரீடான்னு சொல்வாங்க, கிரீன் முன்வலதிலிருந்து பின்இடதுக்குச் சரியும், நேரா கொடியைப் பார்த்து அடிக்காம வலது தோள்ல (வலது ஓரத்து மேட்டுல) இறக்கி உருள விடணும். உங்க 12வது கிரீன் ஏற்கெனவே ஏறக்குறைய அப்படித்தான் சாஞ்சிருக்கு, வாய்க்கால் பக்கமா. வலது தோளைக் கொஞ்சம் கெட்டியாக்கி உசத்தினா பந்து உருண்டு போகும். சித்திரையில தரை காஞ்சு இறுகிக் கிடக்கிறப்போ பிரமாதமா இருக்கும். மார்கழியில ஈரத்துல உருளாது, தூக்கித்தான் போடணும். ஒரே கிரீன் ரெண்டு பருவத்துல ரெண்டு விதமா ஆடும்.

காத்தையும் குறிப்புல எழுதுங்க. சித்திரையில மதியத்துக்கு மேல கடல்காத்து கிழக்கேயிருந்து வரும், மார்கழியில வடகிழக்கு. காத்துத் திசையை விளையாடறவங்கதான் வைக்கப் போறாங்க, ஆனா இந்த கோர்ஸ் எந்தக் காத்துக்குச் செஞ்சதுன்னு தெரிஞ்சா அப்படியே வச்சு ஆடுவாங்க.

நிஜ கோர்ஸ்தான் எனக்கு இன்னும் முதல் விருப்பம். இதை அழிக்காம வச்சிருக்கேன்.

---

மாலி_மகன்

கார்த்தி அண்ணா, 3 சதவீதம்னு நீங்க சொன்னதை அப்பாகிட்ட கேட்டேன். அவருக்கு சதவீதம் தெரியாது. ஆனா காலையில குழி மாத்தப் போறப்போ, தட்டையா இருக்கிற இடத்தைக் காலாலயே கண்டுபிடிச்சுடுவாரு. கொடியைச் சுத்தி மூணு காலடி தூரத்துக்குத் தரை ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்றாரு. 16வதுல அப்படி ஒரு இடம் முன்பக்கம் இடதுல மட்டும்தான் இருக்குதாம், படத்துல விரல் வச்சுக் காட்டினாரு.

---

ஏரிக்கரை_மணி

அப்பா காட்டின இடத்துல அளந்து பார்த்தேன், 2.2 சதவீதம். பக்கத்துல எங்கேயும் அப்படி இல்லை. 16வதுல அதை முதல் பின் இடமா வச்சிட்டேன், மத்த மூணு இடத்தையும் அதே அளவுக்கு இறக்கறேன். கோர்ஸ் குறிப்புல அவரைப் பத்தியும் எழுதணும், எப்படிக் குறிப்பிடலாம்னு கேட்டுச் சொல்லுங்க.

இரண்டாம் சோதனைக் கோப்பு தயார். கரை 19 மீட்டர் ஆயிடுச்சு, பனை வரிசை நட்டாச்சு, உபரிப் பள்ளம் கீழ் ஏரிக்கரை வரைக்கும் போகுது, 12வது தோள் உசந்திருக்கு. பாக்கி இருக்கிறது 11வது கிரீன், சித்திரை வடிவத்துல வெடிச்ச தரையோட நிறம், அப்புறம் 2கே25 வேலை. மவுஸ்_மட்டை, ஞாயித்துக்கிழமை காலையில உட்காரலாமா?

---

வேளச்சேரி_வாசு

பள்ளம் கீழ் ஏரி வரைக்கும் போறதைப் பார்த்தேன். 7வது டீயிலேருந்து மார்கழி வடிவத்துல அந்தக் கரைக்கோடு நல்லாத் தெரியுது. வழியில ஒரு ரோடு குறுக்கே போட்டிருக்கீங்க, அதுக்குக் கீழே தண்ணி போக சின்னப் பாலம் எங்கே? ஒரு கண் போதாது, குறைஞ்சது மூணு வைங்க.

---

பார்3_பிரியா

மூணு கண், ஒவ்வொண்ணும் 2 மீட்டர் அகலம். மணி, அளவோட படம் வரைஞ்சு அனுப்பறேன்.